சட்டம் ஈன்ற சிறிய சுறா

சற்று நீண்ட பதிவு. பொருண்மையியல் படிக்கும் மாணவர்கள் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

'சிறிய', 'பெரிய' ஆகியவை ஒப்புநோக்கிப் பொருள் கொள்ள வேண்டிய அடைகள் என்பது நாம் கற்கும் முதற்பாடங்களுள் ஒன்று. சிறிய யானை பெரிய எலியைவிடப் பெரிது. ஆனால் பிறந்து சில நாள்களே ஆன, ஏறத்தாழ இரண்டடிக் குட்டியைப் 'பெரியது' என்றும், அதனருகே நீந்தும் மூன்றடி முதிர்ந்த மீனைச் 'சிறியது' என்றும் வகைப்படுத்தும் ஒரு மொழி உண்டு. அமெரிக்க மீன்வள நிர்வாகத்தின் மொழி அது. இந்த விந்தையின்மேல் ஒரு தொழிலே நின்றுகொண்டிருக்கிறது.

தென் கரோலினாவின் கழிமுகங்களில் கோடைக்காலத்தில் சுற்றுலாக் குடும்பங்களைச் சுறா பிடிக்க அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் உள்ளனர். அரைநாள் பயணம், கரையை விட்டு வெகுதூரம் போவதில்லை. வெட்டிய மீன்துண்டு இரையாகும். சிக்குபவை பெரும்பாலும் கைந்நீளம் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட சுறாக்கள். அவற்றுள் பல ஒரு படம் எடுத்துக்கொண்டபின் கடலுக்கே திரும்புகின்றன. வழிகாட்டி விற்பது மீனை அன்று. எந்த ஓதத்தில், எந்த மணல்திட்டின் ஓரத்தில் சுறா வரும் என்னும் அறிவை.

இப்படகுகளில் பயணியர் ஆறு பேருக்கு மேல் இருப்பது அரிது. அதன் வேர் ஒரு துயரத்தில் இருக்கிறது. 1951 செப்டம்பர் 1 அன்று நியூயார்க் மாநிலத்தின் மாண்டாக் அருகே 'பெலிக்கன்' என்னும் மீன்பிடிப் படகு, அளவுக்கு மீறி 64 பேரை ஏற்றிச் சென்று கவிழ்ந்தது. 45 பேர் மாண்டனர். அதன் விளைவாக 1956இல் வந்த சட்டம், ஆறுக்கு மேற்பட்ட பயணியரைக் கட்டணத்துக்கு ஏற்றும் படகுகளை அரசின் ஆய்வுக்கு உட்படுத்தியது. ஆறு பேர் வரை என்றால் அந்த ஆய்வு இல்லை. சிறுபடகு வழிகாட்டியின் பொருளாதாரம் அன்றே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

சுறாவின் மதிப்போ பலமுறை தலைகீழாகியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது வைட்டமின் ஏ-க்காகச் சுறா ஈரல் எண்ணெய் பெரிதும் தேடப்பட்டது. (அதே ஆண்டுகளில் சென்னை மாகாண அரசும் கோழிக்கோட்டில் இந்த எண்ணெயை எடுத்துக்கொண்டிருந்தது, தனிப் பதிவுக்குரிய செய்தி.) 1940களின் இறுதியில் செயற்கை வைட்டமின் வந்ததும் அந்தச் சந்தை சரிந்தது. பின்னர், 'போதிய அளவு பயன்படுத்தப்படாத வளம்' என்று கூறி அமெரிக்க அரசே சுறா பிடிப்பை ஊக்குவித்தது. துடுப்புச் சந்தையும் சேர்ந்துகொள்ள, 1980களில் பிடிப்பு பெருகியது, இருப்புக் குறைந்தது. தாமதமாகப் பருவமடைந்து சில குட்டிகளையே ஈனும் உயிரிகள் இவ்வேகத்தைத் தாங்கவில்லை.

1993இல் அட்லாண்டிக் சுறாக்களுக்கான முதல் கூட்டாட்சி மேலாண்மைத் திட்டம் வந்தது. அது சுறாக்களைப் 'பெரிய கடலோரச் சுறாக்கள்', 'சிறிய கடலோரச் சுறாக்கள்', 'ஆழ்கடல் சுறாக்கள்' என மூன்றாகப் பகுத்தது. இங்கே 'சிறிய' என்பது அடை அன்று, பெயரின் உறுப்பு. அது தனி மீனின் நீளத்தைச் சுட்டுவதில்லை, இனத்தைச் சுட்டுகிறது. 1999இன் திட்டப்படி, பொழுதுபோக்காகப் பிடிப்போர் படகுக்கு ஒரு சுறாவையே வைத்துக்கொள்ளலாம். அதுவும் மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை நாலரை அடிக்குக் குறையக் கூடாது. விலக்காக, ஆளுக்கொரு கூர்மூக்குச் சுறாவை அளவுக் கட்டுப்பாடின்றி எடுத்துக்கொள்ளலாம். 2003இல், மண்வெட்டி போன்ற தலையுடைய பானெட்ஹெட் சுறாவும் இவ்விலக்கில் சேர்ந்தது.

கழிமுகத்தில் நாலரை அடிச் சுறா எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் ஆறு பேருக்கு ஒன்று. ஆகவே, குழந்தையோடு வருபவர் ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்பினால் அது பெரும்பாலும் இவ்விரு இனங்களுள் ஒன்றாகவே அமையும். இப்பயணங்களைச் சூழலியலின் இயல்பான விளைவாகக் காண்பதைவிட, விதிநூலின் ஒரு விலக்கு வாக்கியம் வளர்த்தெடுத்த வழக்கமாகக் காண்பதே பொருந்தும் என்பது என் வாசிப்பு.

இடர்ப்பாடு படகின் தளத்தில்தான் தொடங்குகிறது. இக்கழிமுகங்கள் சுறாக்களின் குட்டி வளர்ப்பிடங்களும்கூட. தென் கரோலினாவின் புல்ஸ் விரிகுடா பற்றி ஹோசே காஸ்ட்ரோ எழுதிய கட்டுரை, மேலாண்மைத் திட்டம் வந்த அதே 1993இல்தான் வெளியாயிற்று. கருமுனைச் சுறா சட்டப்படி 'பெரிய'து. அதன் குட்டியும் முதிர்ந்த கூர்மூக்குச் சுறாவும் புதியவர் கண்ணுக்கு ஒன்றே. கூர்மூக்குக்கு உடலில் வெளிறிய புள்ளிகள் இருக்கும். வாயோரக் கீற்று நீண்டிருக்கும். மூச்சுத் திணறும் மீனைக் கையில் பிடித்தபடி, சில நொடிகளில் வழிகாட்டி இதைக் கண்டு பெயர் சொல்லியாக வேண்டும். பெயர் பிழைத்தால் குற்றம். தயங்கினால் மீன் சாகும். மொழியியலார் 'பெயரிடல்' என்று எளிதாகச் சொல்லிக் கடக்கும் செயலுக்கு இவ்வளவு விலை உள்ள இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கூர்மூக்குச் சுறாவின் நெருங்கிய உறவினம் நம் கடற்கரையிலும் உண்டு. இரண்டும் ரைசோபிரையோனோடான் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நாம் அதைப் பால் சுறா என்கிறோம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறாப்புட்டு செய்து தருகிறோம். ஆங்கிலத்திலும் அது 'மில்க் ஷார்க்' என்றே வழங்குகிறது. அங்கே மூக்கின் வடிவால் பெயர். இங்கே உண்பவளின் உடலால் பெயர். சட்டத்தின் 'சிறிய' என்னும் பெயரோ மீனையும் பார்க்கவில்லை, உண்பவரையும் பார்க்கவில்லை.

வழிகாட்டிகளின் சொல் ஆவணத்தில் ஏறிய இடம் ஒன்று எனக்குத் தெரியும். 1962இல் தொடங்கிய கூட்டுறவுச் சுறா அடையாளமிடும் திட்டத்தில், பொழுதுபோக்கு மீனவர்களும் படகுத் தலைவர்களும் தொழில்முறை மீனவர்களும் சுறாக்களில் அடையாளத் துண்டு செருகி விடுவித்துவருகின்றனர். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சுறாக்கள் இவ்வாறு பதிவாகியுள்ளன. ஒவ்வொரு அட்டையிலும் நாள், இடம், நீளம், பால் ஆகியவற்றோடு 'இனம்' என்றொரு கட்டமும் உண்டு. ஆய்வாளர் உடனில்லாத படகுகளில் அதை நிரப்பியவை இவர்களின் கைகளே.