சேற்றில் நிற்கும் படகும் நீரில் மிதக்கும் படகும்

இங்கிலாந்தின் தென்கரையில் பழைய சிறு பாய்மரப் படகு தேடுபவர் காதில் அடிக்கடி விழும் பெயர்கள் இரண்டு: வெஸ்டர்லி சென்டார், கான்டெஸ்ஸா 26. இரண்டும் ஏறத்தாழ 26 அடி நீளம். இரண்டும் கண்ணாடியிழைப் படகுகள். பலவற்றுக்கு வயது அரை நூற்றாண்டை நெருங்குகிறது, பலவற்றுக்குத் தாண்டிவிட்டது. ஒற்றுமை அவ்வளவுதான்.

வேற்றுமை அடியில் இருக்கிறது. நம் தோணித் தச்சர்கள் ஏரா என்று சொல்லும் கீல், சென்டாருக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மூன்றடி நீர் அதற்குப் போதும். ஓதம் இறங்கிக் கடல் வற்றினால் இரண்டு கால் ஊன்றிச் சேற்றில் நிமிர்ந்து நிற்கும். கான்டெஸ்ஸாவுக்கு நீளவாட்டில் ஒரே கீல். நான்கடி நீர் கேட்கும். வற்றும் துறையில் முட்டுக்கொடுக்காமல் விட்டால் ஒருக்களித்துப் படுத்துவிடும்.

சென்டார் குடும்பத்துக்கென்றே பிறந்தது. லாரன்ட் ஜைல்ஸ் நிறுவனம் வடிவமைக்க, 1969 முதல் 1980 வரை 2,400-க்கும் மேல் கட்டினார்கள். அகலம் எட்டரை அடி. சராசரி உயரமுள்ளவர் உள்ளே நின்றபடி சமைக்கலாம். ஃபோக்போட் என்ற படகு வகையின் மரபில் டேவிட் சாட்லர் வரைந்து 1966-இல் வந்த கான்டெஸ்ஸாவின் அகலம் ஏழரை அடிதான். உள்ளே குனிந்தே நடக்க வேண்டும். ஆனால் அந்த ஒடுங்கிய உடல் அலையைக் கிழித்துப் போகும். 1985-இல் 18 வயதில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டானியா ஏபி, ‘வருணா’ என்ற கான்டெஸ்ஸாவில்தான் உலகைச் சுற்றி 1987-இல் ஊர் திரும்பினார்.

நோயும் உடலுக்கேற்றபடிதான். சென்டாரில் இருக்கைப் பலகைகளைத் தூக்கி, கீல் உடலோடு சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒவ்வோர் ஓதத்திலும் தரை தட்டித் தட்டி அந்த மூட்டு தளர்ந்திருக்கலாம். முடிபோன்ற விரிசலோ, போல்ட்டைச் சுற்றித் துருநீர் வழிந்த தடமோ தெரிந்தால் செலவு பெரிது. பின்னாளில் உள்ளே குறுக்குத்தாங்கிகள் வைத்து வலுவூட்டிய படகென்றால் நிம்மதி. கான்டெஸ்ஸாவில் கீலின் எடைப்பொருள் கண்ணாடியிழைக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. கழன்றுபோக போல்ட் இல்லை. ஆனால் எப்போதோ பாறையில் மோதிய கீலுக்குள் நீர் புகுந்திருந்தால் வெளியே தெரியாது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள்; கணீரென்ற ஒலி மந்தமாகும் இடத்தில் நில்லுங்கள்.

மற்றவை இரண்டுக்கும் பொது. அடிப்பூச்சின் கீழ் நீர்க்கொப்புளம் இருக்கிறதா? பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை மாற்றிப் பத்தாண்டு ஆகிவிட்டதா? கடல்நீர் வால்வைச் சுரண்டினால் பித்தளை இளஞ்சிவப்பாகத் தெரிகிறதா? தெரிந்தால் துத்தநாகம் கரைந்துவிட்டது. அது கையோடு உடையும். டீசல் என்ஜினை மாற்ற நேர்ந்தால், படகின் விலையையே அது விழுங்கிவிடக்கூடும். தனி ஆய்வாளருக்குக் கொடுக்கும் கட்டணம் வீணல்ல. பழைய படகுக்குப் பல காப்பீட்டு நிறுவனங்கள் அந்த அறிக்கையைக் கேட்கும்.

எதை வாங்குவது? கனவில் வரும் கடலை ஒதுக்கிவிட்டு, படகைக் கட்டப்போகும் துறையைப் போய்ப் பாருங்கள். ஆண்டில் பெரும்பகுதி அது அங்கேதான் கிடக்கும். வற்றும் சேற்றுத்துறையில் வாடகை குறைவு; வார இறுதியில் பிள்ளைகளும் வருவார்கள் என்றால் சென்டார். எப்போதும் நீருள்ள துறை கிடைத்து, துணையாக ஒருவரோடு நெடுந்தூரம் போவதென்றால் கான்டெஸ்ஸா. கவனிக்காமல் விட்ட கான்டெஸ்ஸாவா, பேணி வைத்த சென்டாரா என்று வந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம்: பேணியதை வாங்குங்கள்.