இருபது நிமிடமும் எழுபத்திரண்டு மணி நேரமும்: ஆரணியில் மழலைப் பிணைப்பை அளப்பது குறித்து

ஒரு வயதுக் குழந்தை தன்னை வளர்ப்பவரோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்று அறிய உளவியலார் பெரிதும் நம்புவது மேரி எயின்ஸ்வொர்த் வகுத்த 'அயற்சூழல்' சோதனையை. பொம்மைகள் கிடக்கும் புது அறை, 8 கட்டங்கள், பெரும்பாலானவை 3 நிமிடம். முன்பின் தெரியாத ஒருவர் வருவார். தாய் இருமுறை வெளியேறித் திரும்புவார். அழுகையின் அளவைவிட, திரும்பிய தாயிடம் குழந்தை என்ன செய்கிறது என்பதே முதன்மை. தாவிப் போய் ஆறுதல் பெற்று மறுபடி விளையாடினால் பாதுகாப்பான பிணைப்பு. கண்டும் காணாததுபோல் இருந்தால் விலகல். தூக்கச் சொல்லிக் கை நீட்டிவிட்டுத் தூக்கியதும் திமிறினால் முரண்டு. இவற்றில் அடங்காத குழந்தைகளுக்கு மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் பின்னர் நான்காம் வகை கண்டனர்.

இதை அப்படியே ஆரணிக்குக் கொண்டுவந்தால் வரும் முடிவு செல்லாது என்பது என் வாதம். பண்பாடு வேறு என்ற பொதுப்பேச்சு போதாது. சோதனையின் வரலாறே போதிய சான்று. உகாண்டாவில் 1954-55இல் எயின்ஸ்வொர்த் வீடு வீடாகச் சென்று 28 குழந்தைகளைக் கவனித்தார். பின்னர் பால்டிமோரில் 26 குடும்பங்களில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை என, ஒவ்வொரு குழந்தையையும் முதலாண்டில் ஏறத்தாழ 72 மணி நேரம் பார்த்தார். அறையில் விலகி நின்ற குழந்தையை வீட்டில் தாய் எப்படி நடத்தினார் என்று முன்பே தெரிந்திருந்ததால்தான் அந்த 20 நிமிடத்துக்குப் பொருள் கிடைத்தது. நாம் இறக்குமதி செய்வது 20 நிமிடத்தை மட்டும்.

நான் சொல்வது பட்டுக்குப் பேர்போன ஆரணி அல்ல; பெரியபாளையத்துக்கு அருகே ஆரணியாற்றங்கரையில் உள்ள ஆரணி. இங்கே தெருவில் போகிறவர்கூட "வாடா ராஜா" என்று கை நீட்டுவார். குழந்தை இடுப்பு மாறி இடுப்பு போய்வரும். ஆகவே அயலார் வருகை அதை அவ்வளவாகக் கலக்காது. ஆனால் தனியறையில் யாருமின்றி இருப்பது அதற்குப் பழக்கமே இல்லை. தூளியில் தூங்கும்போதும் கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருப்பார். சோதனையின் 6ஆம் கட்டமோ குழந்தையை முற்றிலும் தனியே விடுகிறது. ஜப்பானின் சப்போரோவில் கெய்கோ தகாஹாஷி சோதித்த 60 குழந்தைகளில் ஒன்றுகூட விலகலில் சேரவில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முரண்டில் விழுந்தது. தனிமைக்குப் பழகாத குழந்தைக்கு அந்தக் கட்டம் அளவுமீறிய நெருக்கடி என்பதே அவர் தந்த விளக்கம்.

மறுப்பும் உண்டு. வான் ஐசென்டோர்னும் குரோனன்பெர்க்கும் 1988இல் 8 நாடுகளின் 32 ஆய்வுகளைத் தொகுத்து, நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று காட்டினர். வலுவான வாதம்தான். ஆனால் அந்த எட்டில் இந்தியா இல்லை.

யாரோடு பிணைப்பு என்பது அடுத்த சிக்கல். 2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பின் முதலிரு பேறுகளுக்கு மகப்பேறு விடுப்பு 26 வாரம். ஜான் பௌல்பி கணக்கில், தெளிவான பிணைப்பு உருவாகத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த ஆறாம், ஏழாம் மாதத்தில்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் தாய் அப்போது ஷிப்டுக்குத் திரும்பிவிடுவார், பிள்ளை பாட்டியிடம். மாலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும் அம்மாவைக் கண்டதும் பிள்ளை பாட்டியின் தோளில் முகம் புதைத்து, ஓரக்கண்ணால் பார்த்து, பிறகு ஒரே தாவாகத் தாவும். முதல் சில விநாடியை மட்டும் பதிவு செய்பவர் விலகல் என்றே எழுதுவார். தாயும் கொஞ்சித் தீர்க்க மாட்டார், திருஷ்டி பயம். தமிழ்த் தாயன்பு தன்னை மறைத்துக்கொள்வதை மார்கரெட் டிராவிக் 1990இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பேசியிருக்கிறார். வாய்விட்ட பாராட்டைப் பரிவின் அடையாளமாக எண்ணும் மதிப்பீட்டாளரிடம் இந்தத் தாய்க்குக் குறைந்த மதிப்பெண்தான் கிடைக்கும்.

இஸ்ரேலின் கிப்புட்ஸ்களில் ஆபிரகாம் சாகியும் குழுவினரும் தாய், தந்தை, காப்பகப் பணிப்பெண் ஆகிய மூவரோடும் குழந்தையைத் தனித்தனியே சோதித்தனர். ஆரணிக்கு அந்த வழியே பொருந்தும். ஆனால் அறைக்குப் பதில் வீடு. வாட்டர்ஸும் டீனும் 1985இல் அமைத்த 100 கூற்று அட்டை முறை, பல மணி நேர வீட்டுக் கவனிப்பில் நிற்பது. அதிலும் 'சிறந்த பிணைப்பு' என்ற அளவுகோல் வல்லுநர் வகுத்ததே. இங்குள்ள பாட்டிமாரைக் கொண்டு அதை முதலில் சரிபார்க்க வேண்டும். விழுந்தால் யாரிடம் ஓடுகிறது, யார் தட்டினால் தூங்குகிறது என்று கேட்டுத்தான் சோதிக்க வேண்டியவரின் பெயரை எழுதவேண்டும். இதே மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களில் பாட்டி ஊரிலேயே தங்கிவிட்டிருந்தால், அந்தப் பட்டியலில் முதல் பெயர் எட்டு வயது அக்காவுடையதாக இருக்கலாம்.