மகுடமும் சான்றிதழும்

தாய்லாந்தின் பட்டாயா ஒரு காலத்தில் சிறிய மீனவர் குடியிருப்பு. வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படைவீரர்கள் ஓய்வுக்காக அங்கு வரத் தொடங்கியதும் விடுதிகளும் கேளிக்கை அரங்குகளும் பெருகின. அச்சூழலில் 1974இல் தோன்றியது திருநங்கையர் ஆடும் 'டிஃபனீஸ் ஷோ'. அவ்வரங்கின் நிறுவனத்தாரே 1998இல், நாடு முழுவதிலுமுள்ள திருநங்கையருக்கென 'மிஸ் டிஃபனீஸ் யுனிவர்ஸ்' என்னும் அழகிப் போட்டியைத் தொடங்கினர்.

தாய் மொழியில் திருநங்கையரைக் குறிக்கும் பழஞ்சொல் 'கதோய்'. 'இரண்டாம் வகைப் பெண்' எனப் பொருள்படும் மற்றொரு தொடரும் வழக்கில் உண்டு. பெயரிட்டு அழைக்கும் அளவுக்கு அச்சமூகம் அவர்களை அறிந்தே இருந்தது. ஆயினும் அறிதல் வேறு, மதித்தல் வேறு. இரவு நேரக் கேளிக்கைக்கு உரியோராக மட்டும் கருதப்பட்டவர்களை நாடறிந்த முகங்களாக்கியதில் இப்போட்டிக்குப் பங்குண்டு. 2004இல் இம்மகுடத்தை வென்ற திரீச்சடா, அதே ஆண்டில் பட்டாயாவில் தொடங்கப்பெற்ற 'மிஸ் இன்டர்நேஷனல் குயீன்' என்னும் உலகப் போட்டியிலும் வென்றார்; பின்னர்த் திரைப்பட நடிகையாகவும் புகழ்பெற்றார்.

இத்தகைய புகழொளிக்கு அப்பால் வேறொரு மேடையும் இருந்தது. 1954ஆம் ஆண்டின் படைச்சேவைச் சட்டப்படி, பிறப்பில் ஆண் எனப் பதிவானோர் இருபத்தொன்றாம் அகவையில் ஆள்சேர்ப்பு முகாமுக்குச் செல்ல வேண்டும். அங்கே சீட்டெடுப்பு நடைபெறும். சிவப்புச் சீட்டு வந்தால் படையில் சேர வேண்டும், கறுப்புச் சீட்டு வந்தால் விடுதலை. மகுடம் சூடிய அழகியாயினும் இவ்வழைப்புக்கு விலக்கில்லை. பெண்ணுருவில் வரிசையில் நின்ற திருநங்கையருக்குச் சேவையிலிருந்து விலக்களித்த அதிகாரிகள், அதற்குக் காரணமாகப் பல்லாண்டுகள் சான்றிதழில் எழுதி வந்தது 'நிரந்தர மனநோய்' என்பதாகும். வேலை தேடிச் செல்லும் இடங்களில் ஆண்களிடம் கேட்கப்படும் சான்றிதழ் இது. நாடே பார்த்து மகிழ்ந்த ஒருத்தி, அலுவலகத்தின் வாயிலில் மனநோயாளியாக நிற்க நேர்ந்தது.

அச்சொற்களை எதிர்த்து ஒரு திருநங்கை நிர்வாக நீதிமன்றத்தை நாடினார். 2011இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமைந்தது. மனநோய் என்னும் குறிப்பு நீங்கி, பாலினநிலை பிறப்புப் பாலோடு ஒத்திருக்கவில்லை என்னும் வாசகம் இடம்பெற்றது. மேடை தந்த புகழால் இயலாத ஒன்றை ஒரு வழக்கு சாதித்தது. ஆனால் மேடையை வீணென்று தள்ளிவிடவும் இயலாது. ஒளிந்து வாழ வேண்டியதில்லை என்னும் துணிவைப் பலருக்கு அது ஊட்டியிருக்கக்கூடும். வழக்காடுவதற்கும் அத்தகைய துணிவு வேண்டும்.

அதன்பின் 2015இல் பாலினச் சமத்துவச் சட்டம் வந்தது. 2019இல் தான்வாரின் சுக்காபிசிட் நாட்டின் முதல் திருநர் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2025 ஜனவரி 23 முதல் இருபாலர் என்னும் வரையறையின்றி எவ்விருவரும் மணம் புரியச் சட்டம் இடமளித்தது. எனினும், பெயருக்கு முன்னுள்ள 'திரு' என்பதைத் 'திருமதி' அல்லது 'செல்வி' என மாற்றிக்கொள்ள வழிசெய்யும் மசோதாவை 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிராகரித்தது. அழகி என்று ஊரறிய அழைக்கும் நாடு, அவளைப் பெண்ணென்று ஏட்டில் எழுத அன்று மறுத்தது.