சீன மேனிலைப்பள்ளிகளில் ஆங்கிலக் கருத்தறிதல் தேர்வு

முன்பின் பார்த்திராத ஓர் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து, மாணவர் அதை எந்த அளவுக்குப் புரிந்துகொள்கிறார் என்று அளப்பது கருத்தறிதல் தேர்வு. சீன மேனிலைப்பள்ளிகளில் இது வகுப்புத் தேர்விலிருந்து மாகாண மாதிரித் தேர்வு வரை பல படிகளில் நடக்கிறது. அத்தனை படிகளுக்கும் அச்சாக இருப்பது காவ்காவ் எனப்படும் தேசியக் கல்லூரி நுழைவுத் தேர்வு. அதன் ஆங்கிலத் தாள் ஜூன் 8ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடியும். 2024இல் காவ்காவுக்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். அயல்மொழித் தாளை ரஷ்யன், ஜப்பானியம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகியவற்றில் ஒன்றிலும் எழுதலாம். ஆங்கிலத்துக்குப் பயந்து ஜப்பானியத்துக்கு மாறுவோர் அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறார்கள். ஆனாலும் மிகப் பெரும்பாலோர் எழுதுவது ஆங்கிலம்தான்.

பெரும்பாலான மாகாணங்களில் மொத்த மதிப்பெண் 750. அதில் ஆங்கிலத்துக்கு 150. புதிய தேசியத் தாளில் கருத்தறிதல் பகுதிக்கு மட்டும் 50. பதினைந்தில் ஒரு பங்குதானே என்று தோன்றலாம். ஆனால் ஹெனான் போன்ற மக்கள்தொகை மிகுந்த மாகாணத்தில், தரவரிசையின் நடுப்பகுதியில், ஒரே மொத்த மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கானோர் நிற்பார்கள். அங்கே ஒரு கேள்வியைத் தவறவிட்டு 2.5 மதிப்பெண் இழப்பவர் பல ஆயிரம் இடம் பின்னுக்குப் போய்விடுவார். இந்தத் தேர்வின் வடிவம், அது வளர்த்த பழக்கங்கள், அதைப் பற்றிய சண்டைகள் எல்லாவற்றையும் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வரலாறு

காவ்காவ் 1952இல் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் சீனப் பள்ளிகளின் முதன்மை அயல்மொழி ரஷ்யன். சோவியத் உறவு கசந்த பின், 1964இல் வகுத்த திட்டம் ஆங்கிலத்தை முதல் இடத்தில் வைத்தது. இரண்டே ஆண்டில் கலாசாரப் புரட்சி வந்தது, தேர்வே நின்றுபோனது. 1977 டிசம்பரில் அது மீண்டபோது சுமார் 57 லட்சம் பேர் எழுதி, 2 லட்சத்து 70 ஆயிரம் பேர்வரை இடம் பெற்றார்கள். பத்தாண்டாகப் பள்ளியில் ஒழுங்காக ஆங்கிலம் படிக்காத தலைமுறையை உடனே அதில் சோதிப்பது நியாயமாக இருந்திருக்காது. ஆகவே ஆங்கில மதிப்பெண்ணைப் படிப்படியாகத்தான் மொத்தத்தில் சேர்த்தார்கள். 1983இல்தான் அது முழுதாகக் கணக்கில் வந்தது.

அந்தக் காலத் தாள்கள் இலக்கண அறிவையும் உச்சரிப்பு விதிகளையும் அதிகம் கேட்டன. விதி தெரிந்தவருக்கு மதிப்பெண் கிடைத்தது. ஒரு பக்க ஆங்கிலத்தைப் படித்துப் பொருள் கொள்ள முடியுமா என்பது பெரிய விஷயமாக இருக்கவில்லை. இதை மாற்ற முனைந்தவர்கள் குவாங்ஜோ அயல்மொழிக் கல்லூரியைச் சேர்ந்த குவே ஷிச்சுன், லி ஷியாவ்ஜூ ஆகிய இருவர். அவர்கள் முன்னின்று உருவாக்கிய தரப்படுத்திய ஆங்கிலத் தேர்வை 1985இல் குவாங்தோங் மாகாணம் சோதனையாக நடத்தியது. மொழியைப் பற்றிய அறிவை விட்டு மொழியைப் பயன்படுத்தும் திறனுக்குக் கேள்விகளை நகர்த்துவது அதன் நோக்கம். தேர்வு மாறினால் வகுப்பறை தானே மாறும் என்று அவர்கள் நம்பினார்கள். ஆணை பிறப்பித்து மாற்ற முடியாத ஆசிரியர்களையும் மாணவர்களையும் வினாத்தாளால் மாற்றிவிடலாம் என்ற துணிச்சலான நம்பிக்கை அது. பாடநூலுக்கு வெளியே மாணவர்கள் கூடுதலாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று 1990இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் லி எழுதினார். பிறகு அந்தத் தேர்வே நாடு தழுவிய ஆங்கிலத் தாளாக விரிந்தது.

தாளின் அமைப்பு

இன்று பெரும்பாலான மாகாணங்கள் பயன்படுத்தும் புதிய தேசியத் தாளில் கேட்டல் 30, கருத்தறிதல் 50, மொழிப் பயன்பாடு 30, எழுத்து 40 மதிப்பெண். பெய்ஜிங், ஷாங்காய், தியான்ஜின் ஆகிய நகரங்கள் தங்கள் தாளைத் தாமே வகுக்கின்றன.

கருத்தறிதல் பகுதியில் முதலில் நான்கு பத்திகள். ஆசிரியர்களும் மாணவர்களும் அவற்றை ஏ, பி, சி, டி என்றே பேசுவார்கள். "டி பத்தியில் மாட்டிக்கொண்டேன்" என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 சொல், மொத்தம் 15 கேள்வி, கேள்விக்கு நான்கு விடை, சரியான விடைக்கு 2.5 மதிப்பெண். பத்திகள் பாடநூலிலிருந்து வருவதில்லை. ஆங்கில இதழ்கள், நூல்கள், இணையதளங்கள் ஆகியவற்றிலிருந்து எடுத்து, நீளத்தையும் சொற்களையும் குறைத்துச் செப்பனிடுகிறார்கள். ஏ பத்தி அறிவிப்பு, கட்டண விவரம், சுற்றுலாக் குறிப்பு போன்ற நடைமுறை எழுத்து. பி பெரும்பாலும் ஒரு மனிதரின் கதை. சி, டி இரண்டும் அறிவியல் அல்லது சமூக ஆய்வைச் சொல்லும் விளக்கவுரை. கடினமும் அந்த வரிசையிலேயே ஏறும். 2023இன் புதிய தேசிய முதல் தாளில் ஆம்ஸ்டர்டாமில் சைக்கிள் வாடகை, தாவரங்களையும் நுண்ணுயிர்களையும் கொண்டு கழிவுநீரைத் தூய்மைப்படுத்திய ஜான் டாட், டிஜிட்டல் கருவிகளைக் குறைத்து வாழ்வதைப் பற்றிய ஒரு நூலின் அறிமுகம், கூட்டத்தின் சராசரி மதிப்பீடு தனிமனிதரின் மதிப்பீட்டைவிட உண்மைக்கு நெருக்கமாக வருவது ஏன் என்ற ஆய்வு ஆகியவை வந்தன. 2024இன் தாளில் சி பத்தி, காகிதத்தில் படிப்பதற்கும் திரையில் படிப்பதற்கும் புரிதலில் வேறுபாடு உண்டா என்று கேட்டது. புரிதலை அளக்கும் தேர்வு, புரிதலைப் பற்றிய பத்தியையே கொடுத்தது எனக்குப் பிடித்திருந்தது.

இந்தப் பொருள் தேர்வில் ஒரு சாய்வும் இருக்கிறது. கட்டண அட்டவணையோ அமெரிக்கக் கல்லூரியின் மதிப்பெண் விதியோ சொல்லளவில் எளியவைதான். ஆனால் அப்படி ஒரு தாளைக் கையில் வாங்கிப் பார்த்த நகரத்துப் பிள்ளைக்கும் கான்சு மாகாணத்து மலைக்கிராமத்துப் பிள்ளைக்கும் அவை ஒரே தூரத்தில் இருப்பதில்லை. அண்மை ஆண்டுகளில் பெரிய பாண்டா தேசியப் பூங்கா (2022), ஷியாவ்லோங்பாவ் என்ற சாறு நிறைந்த கொழுக்கட்டை (2023) எனச் சீனப் பொருள்கள் மொழிப் பயன்பாட்டின் இலக்கண நிரப்புப் பகுதியில் வரத் தொடங்கியிருப்பது நல்லது. கருத்தறிதல் பத்திகளில் இன்னமும் மேலைநாட்டு வாழ்க்கையே மிகுதி.

நான்கு பத்திகளுக்குப் பின் "ஏழில் ஐந்து" என்ற பகுதி. பத்தியில் ஐந்து வாக்கியங்களை எடுத்துவிட்டு, கீழே ஏழு வாக்கியங்களைக் கொடுப்பார்கள். இரண்டு எதற்கும் பொருந்தாதவை. முன்வாக்கியம் எதைச் சுட்டுகிறது, அடுத்தது எதைத் தொடர்கிறது என்று பார்க்கத் தெரிந்தால்தான் நிரப்ப முடியும். ஒரு வாக்கியத்தைத் தவறான இடத்தில் போட்டால் அதன் சரியான இடமும் கெட்டுவிடும் என்பதால் மாணவர்கள் இதற்கு அஞ்சுகிறார்கள். என் பார்வையில் தாளின் நேர்மையான பகுதிகளில் இது ஒன்று. பத்தியைப் படிக்காமல் விடையை மட்டும் உற்றுப் பார்த்துத் தப்பிக்க இங்கே வழி குறைவு.

எதை அளக்கிறது

கேள்விகள் சில வகைக்குள் அடங்கும்: நேரடித் தகவல், உய்த்துணர்தல், மையக் கருத்து, சூழலைக் கொண்டு அறியாத சொல்லின் பொருள் காணல், எழுதியவரின் மனப்பான்மை. தகவல் கேள்வி எளிது. உய்த்துணர் கேள்வியில்தான் வினா அமைப்பவரின் திறமை தெரியும். தவறான விடைகளில் ஒன்று பத்தியின் சொற்களையே திரும்பச் சொல்லி ஏமாற்றும். இன்னொன்று உலக நடப்புக்கு உண்மையாக இருக்கும், பத்தியில் இருக்காது. மூன்றாவது, பத்தி தயங்கிச் சொன்னதை அடித்துச் சொல்லும். சரியான விடையோ பத்தியின் ஒரு சொல்லையும் தொடாமல் அதே கருத்தை வேறு சொற்களில் வைத்திருக்கும்.

இவ்வளவுக்கும் அடியில் சொல்வளம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பாக வந்து 2020இல் திருத்தம் பெற்ற ஆங்கிலப் பாடத்திட்டம், கட்டாயப் பாடத்துக்கு அடுத்த படியான விருப்பக் கட்டாயப் பாடம்வரை படிப்பவருக்குச் சுமார் 3,000 சொல்லை வரையறுக்கிறது. பட்டியலுக்கு வெளியே உள்ள கடினச் சொல்லுக்குப் பத்தியிலேயே அடைப்புக்குறிக்குள் சீனப் பொருள் தருவதும் உண்டு. ஹூ, நேஷன் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, துணையின்றி ஒரு பனுவலைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும். 300 சொல் பத்தியில் அறியாதவை 6 என்றால் படித்துவிடலாம். 95 விழுக்காடு என்றால் அவை 15 ஆகிவிடும், அப்போது வாசிப்பு ஊகமாகிறது. நடுத்தர மாணவர் பலர் டி பத்தியில் தடுமாறும் இடம் இதுதான்.

அடுத்தது நேரம். 120 நிமிடத்தில் 20 நிமிடம் கேட்டல் பகுதிக்குப் போகும். எழுத்துக்கு உரியதை ஒதுக்கிய பின், ஐந்து பத்திகளுக்கும் சேர்த்து சுமார் 35 நிமிடம் என்று ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். பத்திக்கு ஏழு நிமிடம். ஒருமுறை படித்து, நின்று, யோசித்து, திரும்பிப் போய்ப் பார்க்க அது போதாது. முதலில் கேள்வி, பிறகு பத்தி என்ற உத்தி பிறந்ததற்குக் காரணம் இந்த நெருக்கடிதான். கேள்வியில் உள்ள பெயரையோ எண்ணையோ பத்தியில் தேடி, அந்த வரியை மட்டும் படித்து விடைக் கட்டத்தைக் கறுப்பாக்கும் பழக்கம் வேகமாக வேலை செய்கிறது. படித்து முடித்தவரிடம் பத்தி எதைப் பற்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் போவதும் உண்டு.

மதிப்பிடுதலும் நம்பிக்கையும்

இத்தனை குறை இருந்தும் நான்கு விடைக் கேள்வி ஏன் நீடிக்கிறது? 2பி பென்சிலால் கறுப்பாக்கிய கட்டத்தைப் பொறி திருத்துகிறது. திருத்தியவர் யார், அவருடைய மனநிலை என்ன என்ற ஐயத்துக்கு இடமில்லை. ஒரு மதிப்பெண் வாழ்க்கையைத் திருப்பும் நாட்டில் இது சிறிய காரணமல்ல. வினாத்தாள் அரசின் உச்ச ரகசியம். அதை அமைப்பவர்கள் தேர்வு முடியும்வரை வெளித்தொடர்பின்றி அடைபட்டிருப்பார்கள். தேர்வு மோசடியை ஏற்பாடு செய்வது 2015 நவம்பர் முதல் ஏழாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

ரகசியத்துக்கு ஒரு விலை உண்டு. கேள்விகளை முன்கூட்டியே மாணவர்களிடம் பரவலாகச் சோதித்துக் கடினத்தைச் சீர்செய்ய முடியாது. அந்த விலையை ஜெஜியாங் மாகாணம் 2018இல் கொடுத்தது. அங்கே ஆங்கிலத் தேர்வை இருமுறை எழுதி உயர்ந்த மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு நவம்பர் தாள் முந்தையவற்றைவிடக் கடினமாக அமைந்துவிட்டது. இரு தேர்வும் இணையாகத் தெரிய வேண்டும் என்று, கருத்தறிதல் பகுதியிலும் மொழிப் பயன்பாட்டுப் பகுதியிலும் சில கேள்விகளுக்கு மதிப்பெண்ணை உயர்த்தி வழங்கினார்கள். எவற்றுக்கு, எவ்வளவு என்று மாணவர்களுக்கு முன்பே தெரியாது. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் பொருந்தாத மதிப்பெண்களைப் பார்த்துப் பெற்றோர் கொதித்தார்கள். மாகாண ஆளுநர் தலைமையில் விசாரணை நடந்தது. டிசம்பரில் அந்த மாற்றத்தை ரத்து செய்து மூல மதிப்பெண்ணையே அறிவித்தார்கள். மாகாணக் கல்வித் துறைத் தலைமை பதவி இழந்தது. கடினம் மாறுபட்ட இரு தாள்களை ஒப்பிடும்படி ஆக்குவது தேர்வியலில் நியாயமான நோக்கமே. விதியை முன்னால் சொல்லாமல் பின்னால் கை வைத்ததுதான் பிழை.

வகுப்பறையில்

குவேயும் லியும் எதிர்பார்த்த மாற்றம் வந்ததா? 2000களில் இதை விரிவாக ஆராய்ந்தவர் சி லூஷியா. வினா அமைப்பவர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் எனப் பலரிடமும் பேசி அவர் கண்டது ஏமாற்றம் தருவது. இரண்டு பத்தாண்டு ஆகியும் பள்ளிகளில் மொழியறிவுப் பயிற்சியும் தேர்வுப் பயிற்சியுமே ஆட்சி செய்தன. மாணவரைத் தேர்ந்தெடுப்பதும் கற்பித்தலைத் திருத்துவதும் ஒரே தேர்வின் தோளில் ஏறியபோது முதல் வேலை இரண்டாவதை நசுக்கிவிட்டது என்பது அவர் முடிவு. மேனிலைப்பள்ளியின் மூன்றாம் ஆண்டு வகுப்புக்குள் போனால் அதை இன்றும் பார்க்கலாம். மேசை மேல் முந்தைய ஆண்டுத் தாள்களும் மாதிரித் தாள்களும் அடங்கிய பயிற்சி நூல்கள் குவிந்திருக்கும். ஓர் ஆண்டில் மாணவர் படிக்கும் ஆங்கிலப் பத்திகள் நூற்றுக்கணக்கில். எல்லாமே 300 சொல் துண்டுகள், எல்லாவற்றுக்கும் கீழே நான்கு விடை.

தொடர் எழுத்து என்ற பகுதி இந்த நிலைக்குக் கொடுத்த பதில். முதன்முதலில் 2016 அக்டோபரில் ஜெஜியாங் தாளில் வந்தது. பின்னர் புதிய தேசியத் தாளிலும் இடம்பிடித்து 25 மதிப்பெண் பெறுகிறது. முடிவில்லாமல் நிற்கும் சுமார் 350 சொல் கதையைப் படித்து, கொடுத்த இரண்டு தொடக்க வாக்கியங்களிலிருந்து 150 சொல் அளவில் கதையை முடிக்க வேண்டும். பிறர் எழுதியதைத் தொடர்ந்து எழுதும்போது அதன் மொழி எழுதுபவரின் மொழிக்குள் இறங்குகிறது என்று வாதிட்ட வாங் ச்சூமிங்கின் ஆய்வுகள் இதற்கு அடித்தளம். கதையைச் சரியாகப் படிக்காதவர் இங்கே ஒளிய முடியாது: பாத்திரம் ஏன் தயங்கியது என்று புரியாமல் எழுதினால் அடுத்த பத்தி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கும் மனப்பாடம் செய்த உணர்ச்சி வாக்கியங்களின் பட்டியல்கள் வந்துவிட்டன. கண்ணீர் கன்னத்தில் வழிவதும் இதயம் படபடப்பதும் எந்தக் கதைக்கும் பொருந்தும்படி தயாராக இருக்கின்றன. என்றாலும் படிப்பதையும் எழுதுவதையும் ஒரே கேள்வியில் இணைத்த அளவில், 1985க்குப் பின் இந்தத் தாள் எடுத்த மிக நல்ல அடி இதுவே.

பாடத்திட்டம் கேட்பது இதைவிடப் பெரிது. கட்டாயப் பாட நிலையில் வகுப்புக்கு வெளியே வாரம் சராசரியாக 1,500 சொல்லும், விருப்பக் கட்டாயப் பாட நிலையில் வாரம் 2,500 சொல்லும் குறையாமல் படிக்க வேண்டும் என்று அது எழுதி வைத்திருக்கிறது. இரண்டாம் நிலையில் மொத்தம் ஒரு லட்சம் சொல், அதாவது ஓரளவு பெரிய நாவல் ஒன்று. அந்த நாவலைப் படித்த மாணவரையும் படிக்காத மாணவரையும் நேரடியாகப் பிரித்தறியும் கேள்வி தேசியத் தாளில் இதுவரை இல்லை.