சாம்பல் இழுக்கும் கல்

சென்ற ஐப்பசி அடைமழையில் திண்டிவனத்தில் எங்கள் வீட்டு எரிவாயு அடுப்பு பற்றிக்கொள்ள மறுத்தது. குமிழைத் திருகினால் 'டக்' என்ற ஓசை கேட்டது, வாயுவும் வந்தது, பொறி மட்டும் விழவில்லை. பார்க்க வந்தவர், "கல் போயிடுச்சு, மாத்திடணும்" என்றார். அந்தக் கல் எங்கிருந்து அடுப்புக்குள் வந்தது என்று தேடப் புகுந்தோம்.

கல்லுக்கும் நெருப்புக்கும் உள்ள உறவு பழையது. திண்டிவனத்துக்குத் தெற்கே, வானூர் வட்டத்துத் திருவக்கரையில் ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள் பழைமையான கல்மரங்கள் கிடக்கின்றன. நார் இருந்த இடமெல்லாம் சிலிக்கா புகுந்து மரம் கல்லானது. சிக்கிமுக்கிக் கல்லும் சிலிக்காதான். அதில் எஃகைத் தட்டினால் பறப்பது, சீவப்பட்டுக் காய்ந்து சிவந்த எஃகுத் துகள். அடுப்பின் கல் அப்படிப்பட்டதன்று. அதிலிருந்து பிறப்பது மின்சாரம்.

அதன் கதை இலங்கையில் தொடங்குகிறது. 1700-களின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் அங்கிருந்து ஒரு மணிக்கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சிங்களத்தில் தோரமல்லி, ஐரோப்பியர் வாயில் அது டூர்மலின் ஆயிற்று. தணலில் சூடேற்றினால் அக்கல் சாம்பலைத் தன்பால் இழுத்தது. டச்சுக்காரர்கள் அதற்குச் 'சாம்பல் இழுப்பான்' என்றே பெயரிட்டார்கள். வெப்பத்தால் மின்னூட்டம் பெறும் படிகம், அழுத்தினாலும் பெறுமா? 1880-இல் பாரிஸில் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் இதைச் சோதித்து, பெறும் என்று நிறுவினர். டூர்மலினும் குவார்ட்சும் மட்டுமல்ல, கரும்புச் சர்க்கரைப் படிகமும் அவர்களது பட்டியலில் இருந்தது. அப்போது பியேருக்கு வயது 21.

இன்று அடுப்பிலும் லைட்டரிலும் இருப்பது 1950-களில் உருவான ஒருவகைப் பீங்கான். ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் கலந்தது. வில்லால் உந்தப்பட்ட சிறு சுத்தியல் அதன்மேல் அறையும்போது பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. காற்றை ஊடுருவ மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். ஆகவே பர்னருக்கும் கம்பி முனைக்கும் உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளியைத்தான் பொறி தாண்டுகிறது.

நம் சமையலறைகளுக்கு இது மிக அண்மையில் வந்தது. அண்டை வீட்டிலிருந்து கொட்டாங்குச்சியில் தணல் வாங்கி வந்து அடுப்பு மூட்டிய காலம் ஒன்றிருந்தது. கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். 2006-இல் அமைந்த தி.மு.க. அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் விறகடுப்பே கதியென்றிருந்த ஏழை வீடுகளைத் தேடி வந்தது. புகையோடும் ஊதுகுழலோடும் மல்லாடிய பெண்களுக்கு அது சிறிய விடுதலையன்று.

எங்கள் அடுப்புக்கு வருவோம். ரெகுலேட்டரை மூடினோம். சன்னல்களைத் திறந்து வைத்து, வாயு வாடை அறவே நீங்கும்வரை காத்திருந்தோம். பிறகு விளக்கை அணைத்துக் குமிழைத் திருகியபோது உண்மை புலப்பட்டது. பொறி பிறக்கத்தான் செய்தது. ஆனால் முனைக்கு வராமல், கம்பியைச் சூழ்ந்த வெள்ளைப் பீங்கான் உறையின் மேலேயே வழுகி இறங்கியது. பொங்கிய கஞ்சி அங்கே காய்ந்து படிந்திருந்தது. மழைக்கால ஈரத்தை அது உறிஞ்சி வைத்திருந்ததால், காற்றைத் தாண்டுவதைவிட எளிய வழி மின்சாரத்துக்குக் கிடைத்துவிட்டது. துணியால் துடைத்து, உலர்த்தி, வளைந்திருந்த முனையைப் பர்னருக்கு நேரே நிமிர்த்தினோம். முதல் திருகிலேயே நீலப்பொறி முனையில் தாவியது.

கல் போகவில்லை. மாற்றியிருந்தால் புதிய கல்லும் அடுத்த கஞ்சி பொங்கும்வரைதான் உழைத்திருக்கும். அதையும் போய்விட்டதென்று எறிந்திருப்போம். சாம்பலை இழுத்த கல்லின் வழியில் வந்த ஒன்று, நம் அடுப்பங்கரையில் சாம்பலே இல்லாமல் செய்துவிட்டது. அதை எறியுமுன் ஒருமுறை துடைத்துப் பார்க்கலாம்.