மிக்கி மவுஸ் முதல் டோரா வரை: உலகமே அடையாளம் காணும் கார்ட்டூன்கள் எவை? கொல்லிமலைக்கு வந்தது எப்படி?

நாமக்கல் மாவட்டம் காரவள்ளி வழியாகப் போனால், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் கொல்லிமலைக்கு ஏற வேண்டும். ஆனால் கார்ட்டூன்களுக்கு இந்த வளைவு நெளிவெல்லாம் ஒரு கணக்கே இல்லை. மலையில் உள்ள 14 நாடுகளில் ஒன்றான ஆலத்தூர் நாட்டுக்கும் டிவி வழியாக நேரா வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். உலகம் முழுக்க அதிகம் பேர் அடையாளம் காணும் கார்ட்டூன் கதாபாத்திரங்கள் யார்? அவர்களுக்கு மட்டும் ஏன் இந்தப் புகழ்? பார்க்கலாம்.

முதலிடம் யாருக்கு?

இணையத்தில் ஒவ்வொரு பட்டியலும் ஒவ்வொரு பெயரைச் சொல்லும். சிலர் வசூலைப் பார்க்கிறார்கள், சிலர் தேடல் எண்ணிக்கையை. ஆனால் எந்தப் பட்டியலை எடுத்தாலும் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் சில உண்டு.

மிக்கி மவுஸ்: 1928 நவம்பர் 18-ல் 'ஸ்டீம்போட் வில்லி' குறும்படம் மூலம் மக்களுக்கு அறிமுகம். வால்ட் டிஸ்னியும் அப் ஐவர்க்ஸும் உருவாக்கியது. ஹாலிவுட் நட்சத்திர நடைபாதையில் இடம்பெற்ற முதல் கார்ட்டூன் இதுதான்; ஆண்டு 1978.

டாம் அண்ட் ஜெர்ரி: 1940-ல் ஹன்னா, பார்பெரா கூட்டணியில் பிறந்த பூனையும் எலியும். இந்தத் தொடர் 7 ஆஸ்கர் வென்றது.

டோரேமான்: 1969 இறுதியில் ஜப்பானிய காமிக்ஸில் தொடங்கியது. 2008-ல் ஜப்பான் அரசு இந்த நீலப் பூனையைத் தன் அனிமே தூதராகவே அறிவித்தது.

பிகாச்சு: 1996-ல் வீடியோ கேமில் வந்து, பிறகு டிவி, சினிமா, பொம்மை என்று பரவிய போகிமான் உலகத்தின் முகம்.

ஏன் இவர்களை மட்டும் டக்குன்னு தெரிகிறது?

காரணம் 1, உருவம். மூன்று வட்டம் போட்டால் போதும், சின்னக் குழந்தையும் மிக்கின்னு சொல்லிடும். நிழலை வைத்தே கண்டுபிடிக்க முடிகிற உருவம்தான் நிலைக்கும்.

காரணம் 2, மொழி. டாமும் ஜெர்ரியும் பெரும்பாலும் பேசுவதே இல்லை. துரத்தல், அடி, ஓட்டம்: இதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு? பேசுகிற கார்ட்டூன் என்றால் நம்ம மொழியில் பேச வேண்டும்.

காரணம் 3, பொருட்கள். ஸ்கூல் பேக், பென்சில் பாக்ஸ், தண்ணி பாட்டில் என்று தினமும் கண்ணில் படுவது மறக்காது.

தமிழ்நாட்டில் திருப்பம் வந்தது எப்போது?

2006-ல் தமிழக அரசு இலவச கலர் டிவி திட்டத்தைத் தொடங்கியது. அதுவரை டிவி இல்லாத லட்சக்கணக்கான வீடுகளுக்கு டிவி வந்தது. 2007-ல் குழந்தைகளுக்கான சுட்டி டிவி தொடங்கியது. டிவியும் வந்தாச்சு, தமிழில் பேசும் கார்ட்டூனும் வந்தாச்சு.

அமெரிக்காவில் 2000-ல் தொடங்கிய டோரா, இங்கிலீஷில் பேசிக்கொண்டே ஸ்பானிஷ் வார்த்தைகளைச் சொல்லிக்கொடுப்பாள். 'டோராவின் பயணங்கள்' ஆனதும் தமிழில் பேசி இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய குரங்கு நண்பன் பூட்ஸ், இங்கே புஜ்ஜி ஆனான். பெயர் மாறியதால்தான் அவன் நம்ம வீட்டுப் பிள்ளை ஆனான். புஜ்ஜியைத் தெரிந்த பலருக்கு பூட்ஸ் என்றால் யாரென்றே தெரியாது!

இந்தியாவில் இருந்து யாராவது?

இருக்கிறார், சோட்டா பீம். ஹைதராபாத்தைச் சேர்ந்த கிரீன் கோல்ட் அனிமேஷன் நிறுவனத்தின் ராஜீவ் சிலகா உருவாக்கியது; 2008-ல் போகோ சேனலில் ஒளிபரப்பானது. மகாபாரத பீமன் பெயரை எடுத்து, டோலக்பூர் என்ற கற்பனை ஊரில் லட்டு சாப்பிடும் சிறுவனாக்கினார்கள். வேட்டி, லட்டு, நண்பர்கள் பட்டாளம் எல்லாமே குழந்தைகளுக்குப் பழக்கமானவை.

சுவரில் வரைந்தால் பிரச்னையா?

அங்கன்வாடி, நர்சரி பள்ளிச் சுவர்களில் மிக்கியையும் பீமையும் வரைவது நம்ம ஊரில் சகஜம். ஆனால் இவை உரிமையாளர் உள்ள உருவங்கள். 1989-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் ஹாலண்டேலில், மூன்று குழந்தைகள் காப்பகச் சுவர்களில் இருந்த தன் கதாபாத்திரங்களை அழிக்கச் சொன்னது டிஸ்னி. உடனே போட்டி நிறுவனங்கள், "எங்க கார்ட்டூனை வரைஞ்சுக்கோங்க" என்று முன்வந்தன. சுவரில் இருப்பதும் விளம்பரம்தான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

2024 ஜனவரி 1 முதல், 1928-ம் ஆண்டு 'ஸ்டீம்போட் வில்லி' மிக்கிக்கு அமெரிக்காவில் காப்புரிமை முடிந்தது. பிற்கால மிக்கி உருவங்களுக்கு அப்போது அது பொருந்தவில்லை. வணிக முத்திரை உரிமையும் டிஸ்னியிடம்தான் இருக்கிறது.

நம்ம ஊர் நாயகன் எப்போது?

கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன், வில்லாளி. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது, ஆண்டுதோறும் ஆடி மாதம் அரசு விழாவும் நடக்கிறது. பார்த்ததும் தெரிகிற வில், குதிரை, சொந்த மலை: கார்ட்டூனுக்கு வேண்டிய எல்லாம் ஓரியிடம் உண்டு. டோலக்பூர் பீமுக்குக் கிடைத்தது தினமும் ஒரு நேரம், குழந்தைக்குப் புரியும் மொழி, ஸ்கூல் பேக்கில் ஒரு படம். இந்த மூன்றும் கிடைத்தால், ஆலத்தூர் நாட்டுப் பிள்ளைகள் தங்கள் அங்கன்வாடிச் சுவரில் தங்கள் மலையின் நாயகனையே பார்க்கலாம்.