முதல் மக்கள் சபையும் நம்மவர் பங்கும்

ஆண்டுதோறும் நம் சங்கம் கூடித் தலைவரையும் செயலாளரையும் தேர்ந்தெடுக்கும்போது, கை உயர்த்தும் உரிமை ஒவ்வொருவருக்கும் இருப்பதை இயல்பாகவே கருதுகிறோம். ஒரு பெரும் தேசம் அவ்வாறு முதன்முதல் கூடித் தன் சபையை அமைத்துக்கொண்ட வரலாற்றை நம் இளைஞர் அறிந்திருத்தல் நலம்.

1951 அக்டோபர் 25-ஆம் நாள் தொடங்கிய முதற் பொதுத் தேர்தல் 1952 பிப்ரவரியில் முடிவுற்றது. வாக்காளர் ஏறத்தாழ 17 கோடி. அவருள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆதலால் கட்சிக்கொரு சின்னமும் வேட்பாளருக்கொரு பெட்டியும் வைக்கப்பட்டன. செல்வமும் கல்வியும் சொத்தும் பாராமல், 21 வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வாக்கு என்று அரசியல் சட்டம் வகுத்தது. அவ்வயது 18 ஆகக் குறைந்தது 1989-இல்தான்.

தேர்தலில் நிரப்பப்பட்ட 489 இடங்களுள் காங்கிரஸ் 364 பெற்றது. கம்யூனிஸ்ட் கட்சிக்கு 16, சோஷலிஸ்ட் கட்சிக்கு 12, கிசான் மஜ்தூர் பிரஜா கட்சிக்கு 9. வாக்குகளில் காங்கிரஸ் பெற்றதோ நூற்றுக்கு 45 மட்டுமே. எஞ்சிய வாக்குகள் பல கட்சிகளிடையே சிதறியதால் நூற்றுக்கு 74 இடங்கள் அதன் வசமாயின. ஒற்றுமையின்மை எவ்வளவு விலை கொள்ளும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அன்றைய சென்னை ராஜ்யத்தின் கதை வேறு. தமிழகத்தோடு ஆந்திரப் பகுதியும் மலபாரும் சேர்ந்திருந்த அந்த ராஜ்யத்தின் 75 இடங்களில் காங்கிரசுக்குக் கிட்டியவை 35 தான். கம்யூனிஸ்டுகளின் 16 இடங்களில் எட்டு அங்கிருந்தே வந்தன. தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி நான்கும், காமன்வீல் கட்சி மூன்றும் வென்றன. ரயில்வேத் தொழிலாளர் தலைவர் அனந்த நம்பியார் மாயூரத்திலிருந்து சென்றார். கண்ணனூரில் வென்ற ஏ. கே. கோபாலன் கம்யூனிஸ்ட் குழுவின் தலைவராக அமர்ந்தார். எனினும் சபையில் பத்தில் ஒரு பங்கு பலம் எந்த எதிர்க்கட்சிக்கும் இன்மையால், எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவி அந்த ஐந்தாண்டும் எவருக்கும் வழங்கப்படவில்லை.

1952 மே 13-ஆம் நாள் சபை முதன்முறை கூடியது. பிரதமர் ஜவஹர்லால் நேருவே சபையின் முதல்வர். பம்பாய்ச் சட்டசபையில் முன்பு சபாநாயகராக விளங்கிய ஜி. வி. மாவ்லங்கர், எதிர்த்து நின்ற சங்கர் சாந்தாராம் மோரேயை 394-க்கு 55 என்ற வாக்குகளில் வென்று சபாநாயகரானார். அவர்மீதே 1954 டிசம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது, சபையை நடத்தியவர் திருச்சானூரில் பிறந்த துணைச் சபாநாயகர் அனந்தசயனம் ஐயங்கார். தீர்மானம் தோற்றது. ஆயினும் அதனைக் கொணர இடமளித்ததே அச்சபையின் பெருமை. 1956 பிப்ரவரியில் மாவ்லங்கர் மறையவே, ஐயங்காரே அப்பீடம் ஏறினார்.

நம்மவருள் டி. டி. கிருஷ்ணமாச்சாரி வர்த்தக மந்திரியாகி, 1956-இல் நிதி மந்திரியுமானார். திருவள்ளூர் மரகதம் சந்திரசேகர் சுகாதாரத் துணை மந்திரி. திண்டுக்கல்லின் அம்மு சுவாமிநாதன், தஞ்சையின் ஆர். வெங்கட்ராமன் ஆகியோரும் அங்கத்தினர். வெங்கட்ராமன் 1987-இல் குடியரசுத் தலைவரானார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வென்ற காமராஜர், 1954-இல் சென்னை முதல்வராக அழைக்கப்பட்டுத் தில்லியை விட்டு வந்தார்.

நாம் வாழும் இந்நகரமோ அத்தேர்தலில் ஒரு வடுவைப் பெற்றது. அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கர், பம்பாய் நகர வடக்குத் தொகுதியில் காங்கிரசின் கஜ்ரோல்கரிடம் ஏறக்குறைய 15,000 வாக்குகளில் தோற்றார். தாம் வகுத்த வாக்குரிமையின் முதல் தீர்ப்பு தமக்கே எதிராக வந்தபோதும் அவர் ஒதுங்கவில்லை. ராஜ்ய சபை வழியே பாராளுமன்றத்துக்குச் சென்றார்.

அச்சபை 677 நாட்கள் கூடியது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் இந்து விவாகச் சட்டமும், 1956-இல் பெண்ணுக்குத் தந்தையின் சொத்தில் உரிமை தந்த வாரிசுச் சட்டமும் நிறைவேறின. மொழிவழி ராஜ்யங்கள் அமைந்ததும் அவ்வாண்டே. பம்பாய் யாருக்கு என்ற வழக்கில் நிதி மந்திரி சி. டி. தேஷ்முக் பதவியையே துறந்தார். 1960 மே முதல் நாள் மகாராஷ்டிரம் பிறந்தபோதுதான் அவ்வழக்கு முடிந்தது.

மொழியால் எல்லைகள் மாறின, வாக்குரிமை மாறவில்லை. வாக்காளரின் தாய்மொழியைச் சட்டம் கேட்பதில்லை. குடியிருக்கும் இடத்தையே கேட்கிறது. தாராவியின் தோல் பதனிடும் கொட்டிலில் உழைத்தவரும், மாதுங்காவிலிருந்து அலுவலகம் சென்றவரும், செம்பூரில் குடியேறியவரும் இந்நகரின் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தகுதியை அவ்வகையிலேயே பெற்றனர்.

ஆனால் உரிமை தானாக வந்து சேர்வதில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொல்லித் தம் பெயரைக் கூறாத சுமார் 28 லட்சம் பெண்கள், அம்முதல் தேர்தலில் பட்டியலினின்று நீக்கப்பட்டனர். பெயரில்லாதவருக்கு வாக்கில்லை. வீடு மாறி, வட்டாரம் மாறி வாழும் நம் குடும்பங்கள் இதனை மறத்தலாகாது. இம்மலரைப் படித்து முடித்ததும், வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். பிறந்த மண்ணை மறவாதிருப்பது பண்பு. வாழும் மண்ணின் கடமையைச் செய்வது அறம்.

வாழ்க தமிழ்! வாழ்க பாரதம்!